ராக் குழுக்களின் கவர் ஆல்பங்கள்: கேட்கலாமா, தள்ளிவிடலாமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவர் ஆல்பம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் எழுதிப் பாடிப் பதிவுசெய்துவிட்ட பாடலை இன்னொருவர் தம் குரலிலும் வாத்தியத்திலும் மறுபடி பதிவுசெய்தால் அது கவர். ஓர் இசைக்குழு தன் சொந்தப் பாடல்களை ஒதுக்கி வைத்துவிட்டு முழு இசைத்தட்டையும் இப்படிப்பட்ட பாடல்களாலேயே நிரப்பினால் அது கவர் ஆல்பம். பல குழுக்கள் சேர்ந்து ஒரே கலைஞரின் பாடல்களை ஆளுக்கொன்றாகப் பாடித்தரும் அஞ்சலித் தொகுப்புகள் வேறு வகை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவற்றுக்கு நேரம் செலவழிக்கலாமா?

நல்லவற்றுக்குக் கட்டாயம் செலவழிக்கலாம். ஆனால் நல்லவை குறைவு. நான் கேட்டவற்றில் பாதிக்கு மேல் இரண்டாம் முறை கேட்கத் தாங்காதவை.

இருந்தும் இந்த வகையை நான் விடாமல் தேடிக் கேட்பதற்கு ஒரே காரணம், சொந்த ஆல்பத்தில் ஒரு குழு தன் குரலைக் காட்டுகிறது, கவர் ஆல்பத்தில்தான் தன் காதைக் காட்டுகிறது. பதினாறு வயதில் அவர்கள் எந்தப் பாட்டில் மயங்கினார்கள், எந்தக் கிடார் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினார்கள், யாரைப்போல ஆக ஆசைப்பட்டார்கள் என்பதெல்லாம் பேட்டிகளில் சொன்னால் வெறும் பெயர்ப்பட்டியலாகத்தான் இருக்கும். வாசித்துக் காட்டினால் நமக்கே விளங்கிவிடும். அதைக் காட்டாத கவர் ஆல்பம், அதில் எத்தனை புகழ்பெற்ற பாடல்கள் இருந்தாலும், எனக்குத் தேவையில்லை.

கச்சேரியில் எல்லாரும் பாடிய கீர்த்தனையைத்தான் எல்லாரும் பாடுகிறார்கள். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ராக்கில் மட்டும் பிறர் பாட்டைப் பாடினால் ஏன் ஒரு மாற்றுக் குறைவாகப் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ராக்கிலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பீட்டில்ஸ் 1963இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், அவற்றில் ஆறு பிறர் எழுதியவை. ரோலிங் ஸ்டோன்ஸின் 1964ஆம் ஆண்டு முதல் ஆல்பம் ஏறக்குறைய முழுவதுமே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள்தான். அன்று அவற்றை யாரும் தனியாகக் 'கவர் ஆல்பம்' என்று பிரித்துச் சொல்லவில்லை. குழு என்றால் நல்ல பாடல்களைத் தேடி எடுத்து வாசிக்கும், அவ்வளவுதான்.

பீட்டில்ஸின் லெனன், மெக்கார்ட்னி, அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் ஆகியோர் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பெயர்பெற்ற பிறகு நிலைமை மாறியது. பாடுகிறவரே எழுதவேண்டும், எழுதினால்தான் கலைஞர் என்ற எண்ணம் அறுபதுகளின் நடுவில் வேரூன்றிவிட்டது. அதன் பிறகுதான் பிறர் பாடல்களைப் பாடுவது தனிச் செய்தியாயிற்று. 1973 அக்டோபர் மாதத்தைப் பாருங்கள். டேவிட் போவியின் 'பின் அப்ஸ்', பிரையன் ஃபெரியின் 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்', தி பேண்ட் குழுவின் 'மூன்டாக் மேட்டினி' ஆகிய மூன்று கவர் ஆல்பங்கள் ஒரே மாதத்தில் வந்தன. ராக் இசைக்குத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வயதாகிவிட்டது என்பதற்கு அந்த மாதமே அடையாளம்.

போவியின் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் 1964 முதல் 1967 வரை லண்டனில் ஒலித்த பாடல்களின் மேலுள்ள அவருடைய பாசம் தெரிகிற அளவுக்கு உழைப்பு தெரியவில்லை என்பது என் எண்ணம். 'சாரோ' ஒன்றுக்காக மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

உண்மையில் கேட்கத் தகுந்த ஒரு கவர் ஆல்பத்தைக் காட்டுங்கள்.

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் 'கராஜ் இன்க்.' 1998 நவம்பரில் இரண்டு குறுந்தகடுகளாக வந்தது. மொத்தம் 27 தடங்கள். முதல் தட்டில் அந்த ஆண்டு புதிதாகப் பதிவுசெய்த 11. இரண்டாம் தட்டில் அதற்கு முன் பல ஆண்டுகளாகத் தனிப்பாடல் (சிங்கிள்) தட்டுகளின் பின்பக்கங்களிலும் சில பாடல்கள் மட்டுமே கொண்ட சிறு தட்டுகளிலும் சிதறிக் கிடந்த 16.

நான் இதைக் கேட்ட கதையைச் சொல்லியாகவேண்டும். கல்லூரி விடுதியில் அடுத்த அறை அண்ணன் ஒருவர் இரண்டாம் தட்டைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். நீல மையில் பாடல் பெயர்கள் மட்டும் எழுதியிருந்தன. ஒரு மாதம் அதையே கேட்டுவிட்டு, இவர்கள் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, இதில் ஒரு பாட்டுகூட அவர்கள் எழுதியது இல்லை" என்றார். அன்று பெரிய ஏமாற்றம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால்தான் டயமண்ட் ஹெட், பட்ஜி, கில்லிங் ஜோக், மிஸ்ஃபிட்ஸ் என்று ஒவ்வொரு பெயராகத் தேடத் தொடங்கினேன். ஒரே ஒரு கேசட் எனக்கு ஏழெட்டுக் குழுக்களைக் கொடுத்தது.

அந்த இரண்டாம் தட்டின் முதல் ஐந்து தடங்கள் 1987இல் வந்த ஒரு சிறு தட்டில் இருந்தவை. அந்தத் தட்டின் பின்னணி தெரிந்தால் அது வேறு மாதிரி கேட்கும். 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் அவர்களுடைய பேஸ் கிடார் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிடார்) கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டட் வந்தார். புதியவரோடு கூடி வாசித்துப் பழகவேண்டும், துக்கம் இன்னும் ஆறவில்லை, புதிய பாடல்கள் கையில் இல்லை. எனவே தங்களுக்குப் பிடித்த பழைய பாடல்களை எடுத்துக்கொண்டு, மெருகேற்றாமல், சில நாட்களில் பதிவுசெய்து முடித்தார்கள். கடைக்காரர்கள் ரசிகர்களிடம் கூடுதலாகப் பணம் பிடுங்கக்கூடாது என்று 5.98 டாலர் என்ற விலையைத் தட்டின் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள்.

இப்போது அதில் பேஸ் கிடாரை மட்டும் கவனித்துக் கேளுங்கள். நியூஸ்டட் விரட்டிக்கொண்டு போவது தெளிவாகக் கேட்கும். கரகரப்பாக, முன்னால் நிற்கிற ஒலி. மறு ஆண்டு, 1988இல், அவர்கள் வெளியிட்ட முழு ஆல்பத்தில் அதே மனிதரின் பேஸ் கிடாரைக் காது கொடுத்துத் தேடினாலும் கிடைக்காது. ஒலிக்கலவையில் அதை அவ்வளவு அடக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து மெட்டாலிக்காவில் நியூஸ்டட் எப்படி வாசித்தார் என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் நல்ல சாட்சி பிறர் பாடல்கள் ஐந்துதான். சொந்த ஆல்பம் மறைத்ததைக் கவர் தட்டு காட்டிக்கொடுத்திருக்கிறது.

டயமண்ட் ஹெட் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அவர்கள் யார்?

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்த குழு. 1980இல் தங்கள் முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். பெயர்கூட அச்சிடாத வெள்ளை உறையில் வந்த தட்டு அது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லார்ஸ் உல்ரிச் என்ற பதினேழு வயதுப் பையன் அந்தப் பாடல்களில் கிறங்கிப்போய், 1981 கோடையில் விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போய் அவர்கள் கச்சேரியைப் பார்த்தான். பார்த்ததோடு நிற்கவில்லை, கிடார் கலைஞர் பிரையன் டாட்லரின் வீட்டிலேயே போய்த் தங்கினான். ஊர் திரும்பிய சில மாதங்களில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டோடு சேர்ந்து தொடங்கியதுதான் மெட்டாலிக்கா.

'கராஜ் இன்க்.' ஆல்பத்தில் டயமண்ட் ஹெட்டின் பாடல்கள் மட்டும் நான்கு. 'ஆம் ஐ ஈவில்?' பாடலை மெட்டாலிக்கா முதலில் பதிவுசெய்தது 1984இல். 2010 ஜூனில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் மெட்டாலிக்கா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ் குழுவினரோடு ஸ்லேயரின் டிரம்ஸ் கலைஞரும் ஒரே மேடையில் கூடி நின்றபோது, எல்லாரும் சேர்ந்து வாசிக்கத் தேர்ந்தெடுத்ததும் அதே பாட்டுதான். அங்கே கூடியிருந்த பெருங்கூட்டத்தில் எத்தனையோ பேர் அதை மெட்டாலிக்காவின் பாட்டு என்றே நினைத்திருப்பார்கள். நான் நினைத்த மாதிரியே.

அசலைவிடக் கவர் நன்றாக இருந்த உதாரணம் உண்டா?

'நன்றாக' என்று தராசில் வைப்பதைவிட, பாட்டுக்கு இன்னொரு ஆயுள் கிடைத்ததா என்று பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

'விஸ்கி இன் த ஜார்' ஓர் அயர்லாந்து நாட்டுப்பாடல், எழுதியவர் பெயர் தெரியாது. வழிப்பறிக்காரன் ஒருவன் மலைப்பாதையில் ஒரு தளபதியைக் கொள்ளையடிக்கிறான், பணத்தைக் காதலியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். டப்ளினர்ஸ் குழு அறுபதுகளில் இதைப் பாஞ்சோவோடு துள்ளலாகப் பாடியது. 1972இல், அப்போது மூவர் மட்டுமே இருந்த அயர்லாந்து ராக் குழுவான தின் லிசி, ஒத்திகையின்போது பொழுதுபோக்காக இதை வாசித்துப் பார்த்தது. வேகத்தைக் குறைத்தார்கள். பாடகர் பில் லைனட் அதைக் கதை சொல்கிற தொனியில், கொஞ்சம் சோகத்தோடு பாடினார். கிடார் கலைஞர் எரிக் பெல் பாட்டின் தலைவாசலில் ஒரு கிடார் இழையை வைத்தார். அந்த இழை நாட்டுப்பாடலில் கிடையாது, முழுக்க அவர் படைப்பு. தனிப்பாடலின் பின்பக்கத்துக்கென்று பதிந்தது முன்பக்கத்துக்கு வந்து பிரிட்டனில் ஆறாமிடம் வரை ஏறியது.

மெட்டாலிக்கா 1998இல் எடுத்தது நாட்டுப்பாடலை அல்ல, தின் லிசியின் பதிவை. எப்படித் தெரியும்? காதலியின் பெயரைக் கவனியுங்கள். டப்ளினர்ஸ் பாடும்போது அவள் ஜென்னி, லைனட் பாடும்போது மோலி. ஹெட்ஃபீல்ட் பாடும்போதும் மோலிதான். எரிக் பெல்லின் அந்தத் தலைவாசல் இழையும் அப்படியே இருக்கிறது, ஒலி மட்டும் தடித்து, முரடாக. லைனட் கதைக்குள் நின்று வருந்தினார், ஹெட்ஃபீல்ட் மதுக்கடை மேசையைத் தட்டிக்கொண்டு பாடுகிறார். அதற்கு 2000ஆம் ஆண்டு கிராமி விருது கிடைத்தது. எனக்கு இன்றும் லைனட் பதிவுதான் உயிர். ஆனால் மெட்டாலிக்கா இல்லாவிட்டால் லைனட்டிடம் நான் போயிருக்கவே மாட்டேன்.

அதே ஆல்பத்தில் இன்னொன்று, பாப் சீகரின் 'டர்ன் த பேஜ்'. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவனின் களைப்பைச் சொல்லும் பாட்டு. அசலில் ஒரு சாக்ஸஃபோன் நள்ளிரவு நெடுஞ்சாலையைப்போல நீண்டு அழும். மெட்டாலிக்காவிடம் சாக்ஸஃபோன் ஏது? அவர்களுடைய கிடார் கலைஞர் கிர்க் ஹாமெட் அதைக் கிடார் தந்தியின்மேல் ஒரு குழலை வழுக்கவிட்டு வாசித்தார். ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளியில்லாமல் இழைந்து போகிறது. நம் வீணையில் கமகம் இழுத்துப் பழகிய காது அதை உடனே பிடித்துக்கொள்ளும். இல்லாத வாத்தியத்துக்கு மாற்றுத் தேடியபோதுதான் அங்கே கலை பிறந்தது.

அசலை அப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல் வாசிக்கும் கவர்கள்?

வேண்டாம். வீசர் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட ஆல்பம் இதற்கு உதாரணம். உறையின் நிறத்தை வைத்து 'டீல் ஆல்பம்' என்கிறார்கள். டோட்டோ குழுவின் 'ஆஃப்ரிக்கா' பாடலை வீசர் பாடவேண்டும் என்று ரசிகர்கள் இணையத்தில் விடாமல் கேட்டார்கள், 2018இல் பாடினார்கள், பெரும் வெற்றி. பதிலுக்கு டோட்டோ குழு வீசரின் 'ஹாஷ் பைப்' பாட்டைப் பாடியது. அதுவரை இனிமையான கொடுக்கல் வாங்கல். அந்த வெற்றியைத் தொடர்ந்து பத்துப் பாடல்களை அதேபோல, தாளக்கருவியின் ஒலி உட்பட அசலுக்கு மிக நெருக்கமாகப் பதிவுசெய்தார்கள். சுத்தமான வாசிப்பு, குறை சொல்ல முடியாது. கேட்டு முடித்ததும் வீசரைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, அந்தப் பாடல்களைப் பற்றியும் தெரியவில்லை. அசல் கையில் இருக்கும்போது இது எதற்கு?

அப்படியானால் தலைகீழாக மாற்றிவிட்டால் நல்ல கவரா?

அதுவும் இல்லை. மாற்றத்துக்குக் காரணம் இருக்கவேண்டும்.

எ பெர்ஃபெக்ட் சர்க்கிள் குழு 2004 நவம்பர் 2 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தல் நாளிலேயே, போரையும் அமைதியையும் பற்றிய பாடல்களின் கவர் ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். அதில் லெனனின் 'இமாஜின்' உண்டு. அசல் மேஜர் சுரவரிசையில் அமைந்தது, நம் காதுக்குச் சங்கராபரணத்தின் வெளிச்சம். இவர்கள் அதை மைனருக்கு, நடபைரவியின் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆனால் உலகம் ஒன்றாகும் என்ற நம்பிக்கை, நடக்காமலே போய்விட்ட ஒன்றைப் பற்றிய ஒப்பாரியாகிவிடுகிறது. காந்தாரம் இறங்கினால் பொருளே மாறிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு எனக்குத் தெரியாது.

காரணமுள்ள மாற்றத்துக்கு இன்னொரு உதாரணம், ரேஜ் அகைன்ஸ்ட் த மெஷின் குழுவின் 'ரெனகேட்ஸ்'. 2000 டிசம்பரில் வந்தது. அதற்குள் பாடகர் ஸாக் டி லா ரோச்சா குழுவை விட்டு விலகிவிட்டார். டிலன், ஸ்டோன்ஸ், எம்சி5, சைப்ரஸ் ஹில், மைனர் த்ரெட் என்று நாட்டுப்பாட்டு மரபு, ராக், ஹிப்ஹாப், பங்க் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. பாடல் பட்டியலைப் படித்தாலே இந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். எதிர்ப்புப் பாட்டு என்ற ஒரே குடும்பத்தின் வம்சாவளி அது.

அதில் அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'த கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். ஸ்டெய்ன்பெக்கின் நாவலில் வரும் டாம் ஜோடை நினைத்து 1995இல் ஸ்பிரிங்ஸ்டீன் கிசுகிசுப்பாக, சாதாக் கிடாரும் ஹார்மோனிகாவுமாகப் பாடியது. வேலை தேடி அலைகிறவர்கள் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இரவுக்கு அந்தக் கிசுகிசுப்பு பொருந்தும். ரேஜ் குழு அதே வரிகளை எடுத்துக்கொண்டு கத்தியது. துக்கம் கோபமாயிற்று. பிறகு நடந்ததுதான் அழகு. அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டாம் மொரெல்லோ ஸ்பிரிங்ஸ்டீனோடு மேடையேறி இதே பாட்டை வாசிக்கத் தொடங்கினார். 2014இல் ஸ்பிரிங்ஸ்டீன் தம் 'ஹை ஹோப்ஸ்' ஆல்பத்தில் அதை மொரெல்லோவின் மின்கிடாரோடு மறுபடி பதிவுசெய்தார். எழுதியவரே கவர் எடுத்தவர்களிடமிருந்து தம் பாட்டைக் கற்றுக்கொண்டு திரும்பிப் பாடினார்.

சொந்தச் சரக்குத் தீர்ந்துபோனவர்கள்தானே கவர் ஆல்பம் போடுகிறார்கள்?

சில சமயம் ஆம். அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் 2015 டிசம்பரில் லண்டனின் பிரிட்டிஷ் க்ரோவ் ஸ்டுடியோவில் புதுப் பாடல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அது கைகூடாதபோது, காதைக் கழுவிக்கொள்ள லிட்டில் வால்டரின் பழைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை மரபு) பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தார்கள். அது நன்றாக வந்தது. இன்னொன்று வாசித்தார்கள். மூன்று நாளில் 12 பாடல்கள் முடிந்தன. பக்கத்து அறையில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த எரிக் கிளாப்டன் வந்து இரண்டு பாடல்களில் வாசித்துவிட்டுப் போனார். 2016இல் வெளிவந்த அந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தில் ஒரு சொந்தப் பாட்டுகூட இல்லை. ஸ்டோன்ஸின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததில்லை.

மிக் ஜாகருக்கு அப்போது 72 வயது. அவர் ஹார்மோனிகாவைக் கேளுங்கள். மூச்சு உள்ளே போகிற சத்தமும் வெளியே வருகிற சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் பையன்கள் சிகாகோ ப்ளூஸ் தட்டுகளைக் கடல் கடந்து வரவழைத்துக் கேட்டுப் பழகியது இந்தக் கணத்துக்காகத்தானோ என்று தோன்றும். 1964இல் அவர்கள் இந்தப் பாடல்களை வாசித்தது ஆசையில். இப்போது வாசிப்பது வாழ்ந்து முடித்த அனுபவத்தில். கடைசி இருபது ஆண்டுகளில் அவர்கள் செய்ததில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

மறுபக்கத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸின் 'த ஸ்பெகட்டி இன்சிடென்ட்?', 1993 நவம்பர். மெருகில்லாத, முரட்டு வேகமான பங்க் பாடல்களைப் பெரிய அரங்குகளில் வாசிக்கும் குழுவின் பளபளப்போடு வாசித்திருக்கிறார்கள். டேம்ட் குழுவின் 'நியூ ரோஸ்' பாட்டை பேஸ் கலைஞர் டஃப் மெக்கேகன் பாடும்போது மட்டும் உண்மை தெறிக்கிறது. பங்க் அவர் வளர்ந்த வீடு. ஆல்பத்தின் கடைசியில், உறையில் குறிப்பிடாமல், கொலைக்குற்றவாளி சார்ல்ஸ் மேன்சன் எழுதிய பாட்டு ஒன்றையும் ஒளித்து வைத்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது, அது நியாயமான எதிர்ப்பு. பாடலைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கூற்றுதான், அதற்கும் பொறுப்பு உண்டு.

ஜான் லெனன் வழக்கு காரணமாகக் கவர் ஆல்பம் போட்டார் என்கிறார்களே?

உண்மைதான். பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' பாட்டில் சக் பெர்ரியின் 1956ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் சாயல் இருந்தது. அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருந்த மோரிஸ் லெவி வழக்குப் போட்டார். தம் வசமுள்ள பாடல்களில் சிலவற்றை லெனன் பதிவுசெய்யவேண்டும் என்று சமரசம் ஆயிற்று. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் நடுவில் ஒலிநாடாக்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவற்றை மீட்டு, மீதியை லெனன் நியூயார்க்கில் தாமே முடித்து, 1975இல் 'ராக் அண்ட் ரோல்' வெளிவந்தது. இத்தனை இழுபறிக்கு நடுவிலும் 'ஸ்டாண்ட் பை மீ' பாட்டில் அவர் குரல் பிளந்துகொண்டு மேலேறுகிற இடம் இருக்கிறதே, எந்த நீதிமன்றமும் அதைக் கட்டளையிட்டு வாங்க முடியாது. காரணம் கசப்பாக இருந்தாலும் பாட்டு இனிக்கலாம் என்று நான் கற்றுக்கொண்டது இதில்தான்.

கவர் எடுக்க அசல் கலைஞரிடம் அனுமதி வாங்கவேண்டுமா? அவருக்குப் பணம் கிடைக்குமா?

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒரு முறை முறையாக வெளியாகிவிட்டால், விதித்த உரிமத்தொகையைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பதிவுசெய்யலாம். கேட்டு நிற்கவேண்டியதில்லை. இந்த ஏற்பாடு 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அப்போதைய பிரச்சினை தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்கள். ஒரே நிறுவனம் எல்லாப் பாடல்களின் உரிமையையும் வாங்கிக் குவித்துவிடுமோ என்று அஞ்சித்தான் கட்டாய உரிமம் வந்தது. தொகை சிறியது. 2006 முதல் 2022 வரை, ஐந்து நிமிடத்துக்குட்பட்ட பாட்டுக்குப் பிரதி ஒன்றுக்கு 9.1 சென்ட். தம் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம், அடிப்படை மெட்டையும் பாட்டின் இயல்பையும் மாற்றக்கூடாது.

பணம் போவது பாட்டை எழுதியவருக்கும் வெளியீட்டு உரிமையாளருக்கும். முதலில் பாடியவர் எழுதியவராக இல்லையென்றால் அவருக்கு ஒன்றும் கிடையாது. டயமண்ட் ஹெட்டின் பாடல்களை டாட்லரும் பாடகர் ஷான் ஹாரிஸும் எழுதியதால், மெட்டாலிக்கா விற்ற ஒவ்வொரு தட்டும் அவர்களுக்கும் பலன் தந்தது. ஒரு பையனை வீட்டில் தங்கவைத்ததற்கு இதைவிட நல்ல கைம்மாறு உண்டா!

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவு இதைப் பற்றியது. அசல் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகவேண்டும். முன்கூட்டியே தெரிவித்து, குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையைக் கட்டவேண்டும். உறையில் இது கவர் என்று குறிப்பிடவேண்டும், அசல் என்று மயங்கவைக்கும் விதத்தில் அச்சிடக்கூடாது. வீட்டில் பாடி இணையத்தில் ஏற்றுவதன் விதிகள் தனி.

முதலில் அசலைக் கேட்டுவிட்டுத்தான் கவரைக் கேட்கவேண்டுமா?

கட்டாயம் இல்லை. நான் தலைகீழாகத்தான் வந்தேன். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது அசலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எங்கே வேகம் கூடியது, பாடகர் எந்தச் சொல்லில் அழுத்துகிறார் என்று பாருங்கள். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

கேட் பவர் 2000இல் வெளியிட்ட கவர் ஆல்பத்தில் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' இருக்கிறது. அவர் குழு அல்ல, தனிப் பாடகி, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. உலகமே சேர்ந்து பாடும் அந்தப் பல்லவியை அவர் பாடவே இல்லை. சரணங்கள் மட்டும், மெதுவாக. அசல் தெரிந்தவருக்குத்தான் அந்த இல்லாத பல்லவி காதில் ஒலிக்கும்.

கச்சேரியில் ஒன்றிரண்டு கவர் பாடுவதும் இதில் சேருமா?

அது வேறு சுகம், ஆனால் அடிப்படை ஒன்றுதான். நிர்வானா 1993 நவம்பரில் நியூயார்க்கில் மின்னிசைக் கருவிகளைக் குறைத்து வாசித்த நிகழ்ச்சியில் தங்கள் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை விட்டுவிட்டு, அவ்வளவாகத் தெரியாத மீட் பப்பெட்ஸ் குழுவின் மூன்று பாடல்களை, அந்தக் குழுவின் சகோதரர்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தே வாசித்தார்கள். நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் தம் புகழை அவர்களோடு பகிர்ந்துகொண்ட விதம் அது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் ஏற்கெனவே நேசிக்கும் குழுவிலிருந்து தொடங்குங்கள். அறியாத குழுவின் கவர் ஆல்பம் உங்களுக்கு எதையும் சொல்லாது. அவர்கள் குரல் பழகியிருந்தால்தான் அவர்கள் காது புரியும். ப்ளூஸ் பிடிக்குமென்றால் 'ப்ளூ அண்ட் லோன்சம்', கோபம் பிடிக்குமென்றால் 'ரெனகேட்ஸ்'. இரண்டும் வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்றால் 'கராஜ் இன்க்.' ஆல்பத்தின் இரண்டாம் தட்டு, முதல் ஐந்து தடங்கள், நல்ல ஹெட்ஃபோனில், பேஸ் கிடாரின்மேல் கவனம் வைத்து.

ஐந்தாவது தடம் மிஸ்ஃபிட்ஸின் இரண்டு பாடல்களை ஒட்டியது. அது முடிந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். அயர்ன் மெய்டனின் 'ரன் டு த ஹில்ஸ்' பாட்டின் தொடக்கத்தை வேண்டுமென்றே சுருதி பிசகி வாசித்துக் கும்மாளம் போடுகிறார்கள். நண்பன் இறந்து ஓராண்டு ஆகவில்லை, புதியவன் வந்து சேர்ந்திருக்கிறான், நால்வரும் ஓர் அறையில் பிடித்த பாட்டை வாசித்துச் சிரிக்கிறார்கள். சில நொடிகள்தான்.